டாலஸ் மேவரிக்ஸ், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ்: ஆட்டக்காரர்களை விட்டுக்கொடுத்த முறை சரிதானா?

கேள்வி கேட்பவர்: வடவள்ளிவாசி

அனைவருக்கும் வணக்கம். 2011-ஆம் ஆண்டு முதல் பதினோரு ஆண்டுகள் டாலஸை அடுத்த இர்விங்கில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, 2022-இல் ஊர் திரும்பி, இப்போது கோவை வடவள்ளியில் இருக்கிறேன். நான் போய் இறங்கிய ஆண்டில்தான் டர்க் நோவிட்ஸ்கியை நடுநாயகமாகக் கொண்ட மேவரிக்ஸ் அணி அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் தன் முதல் கோப்பையை வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் ரேஞ்சர்ஸ் அணி பேஸ்பால் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், இன்னும் ஒரே ஒரு ஸ்டிரைக் எடுத்தால் கோப்பை என்ற நிலைக்கு இரண்டு முறை வந்தும் அதைக் கோட்டைவிட்டது. இரண்டையும் ஒரே ஆண்டில் பார்த்தவனை அந்த ஊர் அணிகள் எளிதில் விடுமா? கடைசியில் 2023-இல் ரேஞ்சர்ஸ் கோப்பையை வென்ற காலை, நான் வடவள்ளியில் காப்பித் தம்ளரோடு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஊரைக் காலி செய்யும் வரை காத்திருந்துதான் வென்றார்கள் என்று வீட்டில் இன்றும் கேலி செய்கிறார்கள்.

கேள்விக்கு வருகிறேன். 2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, நம் நேரப்படி காலை பத்தே முக்கால் மணி அளவில், லூகா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு மேவரிக்ஸ் அந்தோணி டேவிஸை வாங்கிக்கொண்டது என்ற செய்தி வந்தது. முதலில் யாரோ ஒருவர் விளையாட்டுக்காகப் போலிக் கணக்கிலிருந்து எழுதியது என்றே நினைத்தேன். டோன்சிச்சுக்கு அப்போது வயது 25. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்புதான் அணியை 2024 இறுதித் தொடர் வரை கொண்டு சென்றிருந்தார். டேவிஸுக்கு வயது 31. அவரோடு சேர்ந்து வந்தவை மேக்ஸ் கிறிஸ்டி என்ற இளைஞரும், 2029-ஆம் ஆண்டின் டிராஃப்டில், அதாவது புது இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதில், ஒரே ஒரு முதல் சுற்று உரிமையும்தான்.

அடுத்து 2025 நவம்பர். 2023 கோப்பையைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான அடோலிஸ் கார்சியாவுக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் வழங்காமல் ரேஞ்சர்ஸ் விட்டுவிட்டது. அதே நாளில் கேட்சர் ஜோனா ஹைமையும் விட்டது. ஓரிரு நாளில் மார்கஸ் செமியனை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்து பிராண்டன் நிம்மோவை வாங்கியது. செமியன், 2021 டிசம்பரில் ஏழு ஆண்டுகளுக்கு 17.5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டு வந்தவர். 2023-இல் ஓர் ஆட்டம்கூட விடாமல் 162 ஆட்டமும் ஆடி, அமெரிக்கன் லீகின் சிறந்த ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தவர்.

இப்போது இர்விங்கிலேயே வீடு வாங்கித் தங்கிவிட்ட என் பழைய அறைத்தோழர் என்னை மடக்குகிறார். “டோன்சிச்சைக் கொடுத்தபோது துரோகம் என்றாய், செமியனைக் கொடுத்தபோது சரியான கணக்கு என்கிறாய். உனக்குப் பிடித்தவனை விற்றால் பாவம், பிடிக்காதவனை விற்றால் வியாபாரம், அவ்வளவுதானே?” என்கிறார். செமியனை எனக்குப் பிடிக்காது என்பது பொய். ஆனாலும் அவர் கேட்டதற்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. டோன்சிச்சை விற்றது தவறு என்பதைவிட, வேறு எந்த அணியிடமும் விலை கேட்காமல் ஒரே அணியோடு பேசி முடித்ததுதான் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு முடிவை அது எடுக்கப்பட்ட முறையை வைத்து மட்டும் இப்படி எடைபோடலாமா? இந்தப் பக்கம் விடியற்காலையில் எழுந்து ஆட்டம் பார்ப்பவர்கள் இன்னும் சிலர் இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.

பதில்: மஞ்சள்மண்டி, ஈரோடு

தம்பிக்கு வணக்கம். நான் ஆட்டம் தெரிந்து எழுதுபவன் அல்லன். விலை தெரிந்து எழுதுகிறேன். மகன் குடும்பம் பிளேனோவில் இருக்கிறது. 2025 கோடையில் நாங்கள் இருவரும் அங்கே போயிருந்தபோது பேரன் எங்களை ஆர்லிங்டனில் உள்ள குளோப் லைஃப் மைதானத்துக்கு நான்கு முறை அழைத்துப் போனான். வெளியே நம் ஊர்ச் சித்திரை வெயில் தோற்றுவிடும். உள்ளே கூரையை மூடிக் குளிர வைத்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்துதான் பேஸ்பால் கொஞ்சம் பிடிபட்டது. கூடைப்பந்து நமக்கு முன்பே தெரியும். கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கான ஆட்டங்களைப் படிக்கிற காலத்தில் பார்த்திருக்கிறேன்.

ஈரோட்டில் மஞ்சள் எப்படி விலை போகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விவசாயி மூட்டையைக் கொண்டுவந்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைக்கிறார். விரலி தனி, கிழங்கு தனி. மாதிரியை எடுத்து வைத்தவுடன் வியாபாரிகள் ஒவ்வொருவராக வந்து உடைத்துப் பார்த்து, மற்றவருக்குத் தெரியாமல் சீட்டில் விலையை எழுதிப் போடுகிறார்கள். அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. அந்த விலையும் பிடிக்காவிட்டால் விவசாயி மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோகலாம். இதில் முக்கியமானது என்னவென்றால், வாங்குபவர்கள் ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் எழுதலாமே தவிர, மூட்டை விற்பனைக்கு வந்திருக்கிறது என்பது அத்தனை பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மேவரிக்ஸின் பொது மேலாளராக இருந்த நிக்கோ ஹாரிசன் செய்தது இதற்கு நேர்மாறு. சரக்கு விற்பனைக்கு வந்ததே யாருக்கும் தெரியாது. கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் அந்தக் காலத்துத் தரகர்கள் கையின்மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் அல்லவா, அப்படி இரண்டே பேர் பேசி முடித்த பேரம் அது. துண்டு பேரத்திலும்கூட ஒரு தரகரிடம் கையை உருவிக்கொண்டு அடுத்தவரிடம் கையை நீட்டலாம். இவர் அதையும் செய்யவில்லை. இருபத்தைந்து வயதில் இறுதித் தொடர் வரை போன ஒருவருக்கு எத்தனை அணிகள் எத்தனை டிராஃப்ட் உரிமைகளை எழுதிப் போட்டிருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை விற்றவரே அடைத்துவிட்டார். ஆகவே உங்கள் நண்பர் கேட்பதற்குப் பதில் இதுதான்: செமியனை எதற்குக் கொடுத்தார்கள் என்பதைக் கணக்குப் பார்க்கலாம். டோன்சிச்சை எதற்குக் கொடுத்திருக்கலாம் என்பதைக் கணக்கே பார்க்க முடியாது.

ஆனால் கார்சியா விஷயத்தில் ரேஞ்சர்ஸை நீங்கள் அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது. அந்த மனிதரின் கதையைப் பேரன் எனக்குச் சொன்னான். 2021 பிப்ரவரியில் ரேஞ்சர்ஸே அவரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. வேண்டுபவர் எடுத்துக்கொள்ளலாம் என்று மற்ற அணிகளுக்கெல்லாம் விட்டுப் பார்த்தும் ஒருவரும் எடுக்கவில்லை. அதே ஆண்டு அவர் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். 2023-இல் 39 ஹோம் ரன், நம் கிரிக்கெட் சிக்ஸர் போல. அதன்பின் நடந்த பிளே ஆஃபில் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் ஹோம் ரன். உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை பதினோராவது இன்னிங்ஸில் முடித்து வைத்ததும் அவர் அடித்த பந்துதான். அதற்கு அடுத்த ஆண்டு 25, அதற்கடுத்த ஆண்டு 19. மஞ்சள் விலை ஏறிய வருடம் விற்காமல், இன்னும் ஏறும் என்று மூட்டையைக் கிடங்கில் அடுக்கிவைத்து, வண்டு விழுந்த பிறகு அள்ளிக் கொட்டியவர்களை எங்கள் வீதியில் நிறையப் பேரைக் காட்டுவேன். நானும் ஒரு முறை அப்படிச் செய்தவன்தான். கோப்பையை வாங்கித் தந்தவரை மறு மாதமே விற்க மனம் வராது என்பது புரிகிறது. ஆனாலும் முடிவில் அவர் ஒன்றுக்கும் ஈடாகாமல் கிளம்பிப் போனார்.

பதில்: ஆறாம் எண் சட்டை, கரூர்

நான் கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடியவள். இப்போது கரூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். ஈரோட்டு ஐயா சொன்ன மண்டிக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஹாரிசன் மனத்தில் என்ன இருந்தது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அவருக்காக வாதாடுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2024 இறுதித் தொடரில் பாஸ்டன் செல்டிக்ஸ் 4–1 என்று வென்றதை நான் முழுவதும் பார்த்தேன். பாஸ்டன் ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு முறையும் டோன்சிச் யாரைக் காக்கிறாரோ அவரைத் தேடிப் பந்தைக் கொண்டுபோனார்கள். எந்தப் பயிற்சியாளருக்கும் அது உறுத்தும். தடுப்பாட்டம்தான் கோப்பையைக் கொண்டுவரும் என்பதுதான் ஹாரிசன் சொன்ன காரணம். டோன்சிச்சின் உடற்பயிற்சி ஒழுங்கு குறித்து நிர்வாகத்துக்கு நெடுநாள் மனக்குறை இருந்ததாகவும் பரவலாக எழுதப்பட்டது. அந்தப் பருவத்தில் கிறிஸ்துமஸ் அன்று கெண்டைக்காலில் அடிபட்டு, பரிமாற்றம் நடந்த நாளில்கூட அவர் ஆடாமல்தான் இருந்தார். அடுத்து வரவிருந்த கோடையில் அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 34.5 கோடி டாலர் வரை தரவேண்டிய ஒப்பந்தம் வேறு எதிரே நின்றது. தன் உடம்பைப் பேணாதவருக்கு அவ்வளவு பணத்தைக் கட்டிவிட்டால் அடுத்த ஐந்து ஆண்டும் அணியே முடங்கும் என்று ஒருவர் அஞ்சினால், அந்த அச்சத்தை முட்டாள்தனம் என்று நான் தள்ளமாட்டேன்.

ஆனால் அதே அளவுகோலை டேவிஸ்மேல் ஏன் வைக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. அவரும் அன்று வயிற்றுத் தசைக் காயத்தோடு உட்கார்ந்திருந்தவர்தான். பிப்ரவரி 8 அன்று மேவரிக்ஸுக்காக முதல் முறையாக இறங்கி 26 புள்ளி, 16 ரீபவுண்ட் என்று ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றுக்குள்ளேயே அற்புதமாக ஆடினார். அதே ஆட்டத்தில் தொடையிடுக்குத் தசையில் காயம்பட்டு ஆறு வாரம் வெளியே இருந்தார். மார்ச் 3 அன்று அணியின் இன்னொரு நட்சத்திரமான கைரி இர்விங்குக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. காயங்கள் குவிந்த அந்த மாதத்தில், ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய வரம்பின் விளிம்பை ஒட்டி நின்றதால் புதிய ஆளை எடுக்கக்கூட அணிக்கு வழியில்லாமல் போயிற்று. 39 வெற்றி, 43 தோல்வி. பிளே ஆஃபுக்குள் நுழைவதற்கான பிளே-இன் ஆட்டத்தில் மெம்ஃபிஸிடம் தோற்று வெளியேறினார்கள். காயத்துக்கு அஞ்சி ஒருவரை விற்றவர், காயத்துக்குப் பேர்போன இன்னொருவரை வயதும் கூடுதலாக இருக்கும்போது வாங்கினார். முறையை விடுங்கள், சொன்ன காரணத்தோடு செய்த காரியம் பொருந்தவே இல்லை. வடவள்ளியார் எடைபோட வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. நம் ஊரில் கூடைப்பந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பரிமாற்றம் என்பதே அந்நியமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுக் கோப்பைக்கு இந்தியன் வங்கி, ஐஓபி, இராணுவம், கடற்படை என்று அணிகள் வருகின்றன. அந்த ஆட்டக்காரர்களுக்கு அணி என்றால் வேலை. வங்கியில் எழுத்தராகவோ அதிகாரியாகவோ சேர்ந்தவர், ஆட முடிகிற வரை ஆடி, அதன்பின் அதே வங்கியில் மேசைக்குப் போய் ஓய்வு பெறுகிறார். அவரை யாரும் விற்பதில்லை. அவரும் நினைத்தால் வேறு அணிக்குப் போய்விட முடிவதில்லை. ஒருவரே ஒரே சட்டையைப் பத்துப் பதினைந்து ஆண்டு போட்டுக்கொண்டு வருவதைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு, 21 பருவமும் டாலஸிலேயே ஆடிய நோவிட்ஸ்கி இயல்பாகத் தெரிவார். டோன்சிச் கைமாறியது பதைக்க வைக்கும்.

சொல்ல மறந்துவிட்டேன். மேவரிக்ஸ்மேல் எனக்குள்ள பற்றுக்குக் காரணம் நோவிட்ஸ்கி அல்லர், சத்னாம் சிங். பஞ்சாபின் பல்லோ கே என்ற சிற்றூரில் பிறந்த ஏழடி இரண்டு அங்குல உயரக்காரரை, 2015 டிராஃப்டில் 52-ஆவது ஆளாக மேவரிக்ஸ்தான் எடுத்தது. என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் அவர்தான். ஃபிரிஸ்கோவில் உள்ள, மேவரிக்ஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் ஆடினார். மேவரிக்ஸ் சட்டையில் ஓர் என்பிஏ ஆட்டம்கூட ஆடாமலே அது முடிந்தது. அவர் தேர்வான அன்று எங்கள் பயிற்சி மைதானத்தில் பிள்ளைகள் அந்தச் செய்தியைப் பேசிய பேச்சு இன்னும் நினைவில் இருக்கிறது. அவரை விட்டதற்காக நான் அந்த அணியைக் குறை சொல்லவில்லை. அவர் அந்த மட்டத்துக்கு இன்னும் தயாராகவில்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது.

பதில்: பொள்ளாச்சி இளநீர்

இவ்வளவு பேசுகிறீர்கள், முடிவில் மேவரிக்ஸுக்கு என்ன நட்டம்? டிராஃப்டில் எந்த அணி முதலில் ஆளை எடுப்பது என்பதற்கான 2025 மே மாதக் குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு முதல் இடத்தைப் பிடித்து, கூப்பர் ஃபிளாக்கை எடுத்துவிட்டார்கள். பதினெட்டு வயதுப் பையன். டோன்சிச் இருந்திருந்தால் அந்த அணி குலுக்கல் பக்கமே போயிருக்காது. ஆக, அந்தப் பரிமாற்றத்தால்தான் ஃபிளாக் கிடைத்தார்.

பதில்: ஆறாம் எண் சட்டை, கரூர்

பொள்ளாச்சி அண்ணா, தோப்பை வந்த விலைக்கு விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் லாட்டரிச் சீட்டு விழுந்தது என்பதற்காகத் தோப்பை விற்றது புத்திசாலித்தனம் ஆகிவிடாது. 1.8 சதவீதத்தை நம்பி யாரும் டோன்சிச்சை விற்கவில்லை; ஹாரிசனும் அப்படிச் சொல்லவில்லை. ஃபிளாக் வந்த பிறகும், 2025 நவம்பரில், பதினொன்றில் எட்டு ஆட்டம் தோற்ற நிலையில் ஹாரிசனை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

பதில்: நூல்விலை, திருப்பூர்

எனக்குப் பேஸ்பால் அறவே தெரியாது. கூடைப்பந்தும் செய்தியில் படிப்பதோடு சரி. ஆனால் ஒரே ஆட்டக்காரருக்கு எவ்வளவு கொட்டலாம் என்ற கேள்வி நம் டிஎன்பிஎல் கிரிக்கெட்டிலும் இருக்கிறது. 2023-இல் முதல் முறையாக ஏலம் நடந்தபோது ஒவ்வோர் அணிக்கும் 70 லட்சம் ரூபாய்தான் இருப்பு. அதில் கோவை கிங்ஸ் சாய் சுதர்சன் ஒருவருக்கே 21.6 லட்சம் கொடுத்தது. அதாவது முப்பது சதவீதத்துக்கும் மேல். ஐபிஎல்லில் குஜராத் அவருக்குக் கொடுத்திருந்த 20 லட்சத்தைவிட அதிகம் என்று அப்போது பலரும் சிரித்தார்கள். கோவை அந்த ஆண்டு கோப்பையையும் வென்றது. என்பிஏவில் உச்சபட்ச ஒப்பந்தம் பெறும் நட்சத்திரம் சம்பள வரம்பில் 35 சதவீதம் வரை எடுத்துக்கொள்கிறார் என்று படித்தபோது, அளவு மாறினாலும் தலைவலி ஒன்றுதான் என்று தோன்றியது. மூன்றில் ஒரு பங்கை ஒருவருக்கு எழுதிவிட்டால் மீதிப் பதினான்கு பேரை மிச்சத்தில் தேட வேண்டும். அந்த ஒருவர் வராவிட்டால் எல்லாம் போயிற்று. சாய் சுதர்சன் 2025 ஜூனில் இந்திய டெஸ்ட் அணியோடு இங்கிலாந்தில் இருந்தார். அதே மாதம்தான் டிஎன்பிஎல் நடந்தது. ஊருக்குப் பெருமை, அணிக்கு ஓட்டை.

எங்கள் திருப்பூர் தமிழன்ஸ் கதை வேறு. விஜய் சங்கர் 2025 ஏலத்தில் சேப்பாக்கத்துக்குப் போனபோது, அனுபவசாலியை விட்டுவிட்டார்களே என்று என் கடைக்கு நூல் வாங்க வருகிறவர்கள்கூட வைதார்கள். சாய் கிஷோர் தலைமையில் அதே ஆண்டு திண்டுக்கல்லை இறுதி ஆட்டத்தில் 118 ரன் வித்தியாசத்தில் அடித்துக் கோப்பையை எடுத்துவந்தார்கள். அதற்குப் பிறகு வைதவர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஏலம் என்றால் இந்த நிம்மதி இருக்கிறது: எல்லாரும் பார்க்கிறார்கள், எல்லாருக்கும் கை தூக்க உரிமை இருக்கிறது. ஈரோட்டு ஐயா சொல்வதோடு நான் முழுக்க உடன்படுகிறேன்.

பதில்: வடவள்ளிவாசி

எல்லாருக்கும் நன்றி. கரூர்ச் சகோதரி எழுதியதை இரண்டு முறை படித்தேன். சொன்ன காரணத்தோடு செய்த காரியம் பொருந்துகிறதா என்ற அளவுகோலை எடுத்துக்கொண்டு செமியன் விஷயத்துக்குப் போனால், என் மனத்தில் இருந்த சிக்கல் கொஞ்சம் அவிழ்கிறது.

ரேஞ்சர்ஸின் கணக்கு இப்படி ஓடியிருக்க வேண்டும். 2021-இல் 102 ஆட்டம் தோற்ற அணி அது. அந்தக் குளிர்காலத்தில் கோரி சீகருக்குப் பத்து ஆண்டு, 32.5 கோடி டாலர். செமியனுக்கு ஏழு ஆண்டு. அடுத்த ஆண்டும் 94 தோல்வி. ஊரே சிரித்தது, நானும் இர்விங்கில் அலுவலக உணவகத்தில் உட்கார்ந்து சிரித்தேன். 2022 இறுதியில் புரூஸ் போச்சி பயிற்சியாளராக வந்தார். பந்து வீச்சாளர் ஜேகப் டிகிராமுக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தம். 2023 ஜூலையில் மேக்ஸ் ஷெர்சரும் ஜோர்டன் மாண்ட்கோமரியும் வந்தார்கள். கோப்பை வந்தது. அதன்பின் 2024-இல் 78 வெற்றி, 2025-இல் சரிபாதியாக 81 வெற்றி, 81 தோல்வி. 2025-இல் பந்து வீசியவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. டிகிராம் அறுவைச் சிகிச்சையிலிருந்து மீண்டு முப்பது ஆட்டங்களில் முதல் பந்து வீச்சாளராக இறங்கினார். அவரால் இனி அது முடியாது என்று நினைத்திருந்த எனக்கு அது ஒரு பாடம். மட்டைதான் கைவிட்டது. ஆகவே மட்டையை மாற்றுகிறோம் என்றார்கள், மட்டையைத்தான் மாற்றினார்கள். செமியனுக்கு அப்போது வயது 35, கடைசிப் பருவம் ஆகஸ்டில் பாதத்தில் அடிபட்டு முடிந்தது, நிம்மோவுக்கு 32. பேச்சும் செயலும் ஒரே திசையில் இருக்கின்றன. என் நண்பருக்கு இதைத்தான் எழுதப் போகிறேன்.

ஆனால் அதில் இலவசமாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். செமியனின் ஒப்பந்தம் 2028-இல் முடியும்; நிம்மோவுடையது 2030 வரை ஓடும். இப்போது மூன்று வயது இளையவரை வாங்கியதற்கு, பின்னால் இரண்டு ஆண்டு கூடுதலாகச் சுமக்கிறார்கள். அந்த இரண்டு ஆண்டும் நிம்மோவுக்கு 36, 37 வயது. வேறு எதையும்விட அங்கேதான் இந்த முடிவு தவறிப்போக இடம் இருக்கிறது. நல்ல தடுப்பாட்டக்காரரான செமியன் இடத்தில், இரண்டாம் பேஸில், யாரை நிறுத்துவார்கள் என்பது இன்னொரு கவலை. இந்த அணியை நடத்தும் கிறிஸ் யங் டாலஸில் வளர்ந்தவர். ஆறடி பத்து அங்குலம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்தும் பேஸ்பாலும் இரண்டும் ஆடி, பிறகு பிட்சரானவர். ஒரு வேளை மேவரிக்ஸும் அவரையே கேட்டிருக்கலாம் என்று அந்த பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தோன்றாமல் இல்லை.

ஈரோட்டு ஐயாவுக்கு ஒரு சேர்க்கை. மூட்டையைக் கிடங்கில் வைத்துக் கெடுத்தது ரேஞ்சர்ஸ் மட்டும் அல்ல. மேவரிக்ஸ் அதைவிடப் பெரிதாக ஒரு முறை செய்தது. தன் ஆட்டக்காரரான ஜேலன் பிரன்சனை நான்கு ஆண்டுகளுக்கு ஐந்தரைக் கோடி டாலர் என்ற விலையில் முன்கூட்டியே நிறுத்திவைக்க முடிந்த நேரத்தில் பேசாமல் இருந்தார்கள். 2022 கோடையில் அவர் நியூயார்க் நிக்ஸுக்குப் போனபோது ஒப்பந்தம் பத்துக் கோடியைத் தாண்டியிருந்தது. டாலஸுக்கு ஈடாக ஒரு பைசா வரவில்லை. நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்த மாதம் அது. அந்த வீட்டைக் காலி செய்யும்போது சுவரிலிருந்து கழற்றிய பிரன்சன் படம் இன்னும் என் பெட்டிக்குள்தான் கிடக்கிறது. பக்கத்தில் டோன்சிச்சின் 77 எண் சட்டை.

பதில்: மஞ்சள்மண்டி, ஈரோடு

பிரன்சன் கதை எனக்குத் தெரியாது தம்பி. முன்பணம் கொடுத்துப் பேசி வைக்க வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்துவிட்டு, அறுவடை அன்று வயலுக்குப் போனால் அடுத்தவன் வண்டி நிற்கத்தான் செய்யும்.

சட்டை என்றதும் நினைவு வருகிறது. பேரன் கார்சியாவின் 53 எண் போட்ட சட்டையைத்தான் இரண்டு ஆண்டாகப் போட்டுக்கொண்டு திரிந்தான். இப்போது அது அவனுக்குச் சின்னதாகிவிட்டது. புதிதாக யார் பெயரில் வாங்குவது என்று நேற்று காணொளி அழைப்பில் என்னைக் கேட்டான். யாருடைய ஒப்பந்தம் அதிக நாள் ஓடுமோ அவர் பெயரில் வாங்கு என்றேன். சீகர், 2031 வரை என்றான்.

பதில்: வடவள்ளிவாசி

ஐயா, செமியனுடையதும் 2028 வரை இருந்தது.

பதில்: மஞ்சள்மண்டி, ஈரோடு

அதையும் அவனே சொன்னான் தம்பி. எண்ணும் பெயரும் போடாத சட்டையாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு அளவு பெரிதாக.